மேஜருக்காக மெனக்கெடாதே

மேஜர் இன்றைக்கும் எதையும் தொடவில்லை.

பூசணிக்காயைத் துருவி வைத்தாயிற்று. கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தாயிற்று. கோலின் ட்ரெலோர் கம்பளத்தில் குப்புறப் படுத்து, கண்ணாடித் தொட்டியோடு கன்னத்தை ஒட்டிவைத்து, சாப்பிடுவது எப்படி என்று தானே வாயைத் திறந்து மென்று காட்டினார். மேஜர் ஒரு கண்ணால் அதைக் கவனித்தது. பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

“அதுக்கு வேணாமாம். எழுந்திரு கோலின், உன் டீ ஆறுது,” என்றார் அவர் மனைவி நெரிடா.

கோலின் எழுந்திருக்கவில்லை. அடிலெய்டு நகரத்துக்கு வெளியே டலூனா என்ற சின்ன ஊரின் பள்ளிப் பேருந்தை ஓய்வு பெறும் வரை ஓட்டியவர் அவர். வாந்தி எடுக்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும் பிள்ளை, ஓடும் வண்டியில் கதவைத் திறந்து பார்க்கும் பிள்ளை என்று எல்லாவற்றையும் சேதாரமில்லாமல் வீடு சேர்த்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு முழ நீள ஓணானிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

மேஜர் தாடி ஓணான். கோபம் வந்தால் தொண்டையை உப்பி, அங்கே தொங்கும் முட்களை மைக் கறுப்பாக்கிக்கொள்ளும் ஜாதி. எங்கள் பக்கத்துச் சாலைகளில் வெயில் வந்துவிட்டால் கம்பத்துக்கு ஒன்று உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். ஆனால் மேஜர் அந்த மாதிரி ஊர்சுற்றி இல்லை. அரசாங்க அனுமதியோடு வீட்டில் வளர்ந்தது. அடுத்த வீட்டு எஸ்மி பாஸ்கோவின் கணவர் ஆல்ஃப் குட்டியிலிருந்து வளர்த்து, பெயரும் வைத்து, அதன் பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து எஸ்மியும் மேஜரும்தான். அந்த அம்மாள் ஊரை விட்டு ஒரு நாள்கூட வெளியே தங்கியதில்லை. என்ன பாசம், என்ன பாசம் என்று ஊரே மெச்சியது.

அந்த எஸ்மிதான் கோலினின் தண்ணீர்க் குழாயில் தடுக்கி விழுந்தார். எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்ட கோலின், நடைபாதையின் குறுக்கே கிடந்த ரப்பர் குழாயைச் சுருட்டி வைக்க மறந்து உள்ளே போய் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எஸ்மியின் இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது எஸ்மி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, வலியோடு வலியாக ஒன்று சொன்னார்.

“மேஜருக்கு உடம்பு சரியில்ல. அவனுக்காக நீ ஒண்ணும் மெனக்கெடாதே, கோலின். ஆகறது ஆகட்டும்.”

எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் இதற்கு என்ன பொருள் என்று தெரியும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு “ஒண்ணும் கொண்டுவராதீங்க” என்பார்கள். வெறுங்கையோடு போனவரைப் பற்றி அவர் பேரன் கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள். “வீட்டை ஒதுக்கிட்டு இருக்காதே, சும்மா எட்டிப் பாத்துட்டுப் போறேன்” என்றால் ஜன்னல் கம்பி முதற்கொண்டு துடைத்து வைக்க வேண்டும். அப்படியிருக்க, ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் ஒரு விதவை “மெனக்கெடாதே” என்றால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

“உயிரைக் குடுத்தாவது காப்பாத்துன்னு சொல்றாங்க,” என்றார் கோலின்.

நெரிடாவுக்கும் அதில் சந்தேகமில்லை. அன்றைக்கே தொட்டி, விளக்கு, மேஜர் எல்லாம் ட்ரெலோர் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன.

கால்நடை மருத்துவர் எலெனி வந்து பார்த்தார். எலும்பு பலவீனம், உடம்பு இளைத்திருக்கிறது, தாடை தொய்ந்திருக்கிறது. சூடு வேண்டும், வெந்நீர்க் குளியல் வேண்டும், கால்சியம் பொடி தூவிய உயிருள்ள பூச்சி வேண்டும் என்றார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பார்க்கிறவர் அவர். ஓணானுக்காக யாரும் இவ்வளவு கவலையோடு கூப்பிட்டதில்லை என்றும் சொன்னார். கோலின் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

கவலைக்குக் காரணம் ஓணான் மட்டுமில்லை. மருத்துவமனையில் எஸ்மி சாப்பிட மறுக்கிறார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று நர்ஸ் ப்ரோன்வின் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இந்த வயதில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்காவிட்டால் அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம். காலையில் கண்ணைத் திறந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாராம்: “மேஜர் இன்னும் இருக்கானா?”

கோலின் கணக்குப் போட்டுப் பார்த்தார். மேஜர் போனால் எஸ்மி போவார். எஸ்மி போனால் அவரைக் கொன்றது தன் வீட்டுத் தண்ணீர்க் குழாய். அதற்குப் பிறகு டலூனாவில் எந்த முகத்தோடு நடமாடுவது?

எனவே சுவர்க்கோழிகளை வரவழைத்தார். ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய வந்தன. பொடி தூவுவதற்காக மூடியைத் திறந்தார். பொடியைத் தவிர எல்லாம் டப்பாவை விட்டு வெளியேறின. மேஜர் ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. ஒன்று அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்தபோதும் சும்மா இருந்தது. மற்றவை குளிர்பதனப் பெட்டியின் பின்னாலும் நெரிடாவின் பியானோவுக்குள்ளும் குடியேறிக் கச்சேரியைத் தொடங்கின. மருந்து அடிக்கலாம் என்றால் முடியாது. மருந்து தின்ற பூச்சியை மேஜர் தின்றால் என்ன ஆவது? மேஜர் எதையுமே தின்னவில்லை என்பதை நெரிடா சுட்டிக்காட்டினார். ஒருவேளை தின்றால் என்றார் கோலின்.

சத்தம் போடாத பூச்சியாகப் பார்த்து அடுத்ததாக மரக்கரப்பான் வாங்கினார். ஓணான்களுக்கு அது அல்வா மாதிரி என்று கடையில் சொன்னார்கள். துணி துவைக்கும் அறையில் ஒரு தொட்டி வைத்து அவற்றைப் பெருக்கவும் தொடங்கினார். கல்யாணமான நாளிலிருந்து கரப்பானை வீட்டுக்குள் நுழையவிடாமல் காத்தவர் நெரிடா. அந்த வீட்டுக்குள் இப்போது கரப்பானுக்குத் தனி அறை, முட்டை அட்டை, கேரட் துண்டு.

நெரிடா அந்த வருடம்தான் மாதர் சங்கத் தலைவியாகியிருந்தார். சங்கக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தது. ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளில் ஜாமும் க்ரீமும் வைத்த தட்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது, செயலாளர் எடுக்கப்போன ஸ்கோனின் மேல் இருந்த க்ரீம் ஆறு கால் முளைத்து நகர்ந்தது. யாரும் கத்தவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் கத்தமாட்டார்கள். தட்டைக் கீழே வைத்தார்கள், இவ்வளவு அருமையான தேநீர் குடித்து நாளாயிற்று என்றார்கள், கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த கூட்டத்தை வேறு வீட்டில் வைத்துக்கொள்வதாக மறுநாள் தகவல் வந்தது, நெரிடாவுக்குச் சிரமம் வேண்டாமே என்று.

நெரிடா கணவரைத் திட்டவில்லை. அதுதான் கோலினை வாட்டியது.

வெந்நீர்க் குளியலுக்கு அளவான பாத்திரம் ஆப்பிள் பை சுடும் தட்டு ஒன்றுதான் இருந்தது. அதில் மேஜரைக் கிடத்தி, தலையை விரலால் தாங்கி, முதுகில் ஸ்பூனால் தண்ணீர் விட்டார். ஊசியில்லாத சிரிஞ்சில் பூசணிக் கூழை ஏற்றி உதட்டோரம் வைத்தார். மேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை என்றார் நெரிடா. கோலின் மறுக்கவில்லை. அவருக்கு அந்த ஓணான்மேல் பிரியம் வந்துவிட்டது. அதன் வயிறு உள்ளங்கையில் இளஞ்சூடாக இருக்கும் வரை நம்பிக்கை; சூடு குறைந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் மனம் உடைந்துபோய் ப்ரோன்வினிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். மேஜர் தேறாது போலிருக்கிறது, எஸ்மியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். எஸ்மிக்கு இதனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று நாள் முழுக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது மறுநாள் ஒலித்தது.

“நம்ப மாட்டீங்க கோலின்,” என்றாள் ப்ரோன்வின். “சூப்பைப் பூராக் குடிச்சாங்க. ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. வாக்கரைக் கொண்டான்னு சொல்லி ஜன்னல் வரைக்கும் நடந்துட்டாங்க. அவனைக் கடைசியா ஒரு தடவை பாத்துடணும்னு ஒரு வைராக்கியம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

கோலினுக்கும் வந்தது. இனிமேல் மேஜர் சாகவே கூடாது.

அந்த வாரம் பார்த்து சூட்டு விளக்கு பியூஸ் போனது. கோலின் ஹார்டுவேர் கடைக்கு ஓடி இருப்பதிலேயே பிரகாசமான பல்பை வாங்கி வந்து மாட்டினார். கூடமே பட்டப்பகல் போல ஆனது. வெளிச்சம் இருந்ததே தவிர அதில் சூடு இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஆகஸ்ட் குளிர்காலம்; வெளியே கடுங்குளிர். மேஜர் மெல்ல மெல்ல மந்தமாகி, தொட்டியின் மூலையில் மூக்கைச் செருகி, தட்டையாகிக் கிடந்தது. தட்டினால் அசையவில்லை. தூக்கினால் கால்கள் தொங்கின. கோலின் அதைத் தன் கம்பளிச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளைகளையெல்லாம் கடந்து உட்கார்ந்திருந்தார். கல்லை அணைத்துக்கொண்டிருப்பது போலச் சில்லென்று இருந்தது.

நெரிடா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து அதன் மூக்கருகில் பிடித்தார். ஆவி படியவில்லை. எலெனி அப்போது தூரத்துப் பண்ணைகளில் ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவும் ஆளில்லை.

“போயிட்டான், கோலின்,” என்றார் நெரிடா.

பூட்ஸ் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு பழைய துண்டை விரித்து மேஜரைப் படுக்கவைத்தார்கள். எலுமிச்சை மரத்தடியில் கோலின் குழி தோண்டினார். ஆழமாகத் தோண்டத் தெம்பில்லை. நெரிடா ஒரு தேவாலயப் பாட்டின் முதல் பாதியைப் பாடினார். மறுபாதி நினைவுக்கு வரவில்லை. குழாயை இந்தத் தடவை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே வந்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

எஸ்மி இன்று தாழ்வாரக் கோடி வரை நடந்தார் என்றாள் ப்ரோன்வின். நல்ல உற்சாகத்தில் இருக்கிறார். வழக்கமான கேள்வியைக் கேட்கிறார். என்ன சொல்ல?

கோலின் வாயைத் திறந்தார். செத்துவிட்டது என்று சொல்லத்தான் திறந்தார்.

“தேறிட்டான்னு சொல்லுங்க,” என்றார். “நல்லாவே தேறிட்டான்.”

நெரிடா நெற்றியில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பலன் உடனே தெரிந்தது. செய்தியைக் கேட்டதும் எஸ்மி கையிலிருந்த ஸ்பூனை வைத்துவிட்டாராம். சந்தோஷத்தில் சாப்பாடே வேண்டாமென்று தள்ளிவிட்டார் என்றாள் ப்ரோன்வின். அவரால் நம்ப முடியவில்லை, கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். சின்ன மிருகங்களைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வார்டில் தடை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்களேன் என்றும் சொன்னாள்.

காட்டு ஓணானைப் பிடிப்பது எங்கள் மாநிலத்தில் குற்றம். இது கோலினுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆரஞ்சு பறிக்கும் வலையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போனார். செப்டம்பரின் முதல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வேலிக் கம்பம் ஒன்றின்மேல் மேஜரின் அச்சாக ஒன்று உட்கார்ந்திருந்தது. மேஜரை விடக் கொழுகொழுவென்று. கோலின் புல்லில் தவழ்ந்து போய்த் தாவினார். கம்பத்திலிருந்து ஓணான் விழுந்தது, அதன்மேல் தொப்பி விழுந்தது, தொப்பிமேல் கோலின் விழுந்தார்.

அந்த நேரத்தில் வனக்காவலரின் வண்டி வந்து நின்றது. என்ன ஐயா, உதவி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே அவர் இறங்கினார்.

“மூக்குக் கண்ணாடி விழுந்துடுச்சு. தேடறேன்,” என்றார் கோலின், தொப்பியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு.

நல்ல மனிதர் அந்தக் காவலர். தானும் முட்டி போட்டுப் புல்லை விலக்கி விலக்கித் தேடினார். வெகு நேரம் கழித்து நிமிர்ந்து, கோலினின் முகத்தை உற்றுப் பார்த்து, கண்ணாடி உங்கள் மூக்கில்தான் இருக்கிறது என்றார். கோலின் நன்றி சொன்னார். வயதானால் இப்படித்தான், என் அப்பாவும் இப்படித்தான் என்று வருத்தப்பட்டுக்கொண்டே அவர் வண்டியேறினார். தொப்பிக்குள் கோலினின் கட்டைவிரல் கடிபட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எஸ்மியின் படுக்கையில் பெட்டியை வைத்துத் திறந்தார்கள். ஓணான் தொண்டையை உப்பி, தாடியைக் கறுப்பாக்கி, வாயைப் பிளந்து சீறியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். எஸ்மி அதை நெடுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு நல்லா இருக்கானே,” என்றார் மெதுவாக. “கண்ணெல்லாம் பளபளன்னு. இனிமே எத்தனை வருஷம் இருப்பான், கோலின்?”

“இப்படியே பாத்துக்கிட்டா பத்து வருஷம் கவலையே இல்ல,” என்றார் கோலின், பெருந்தன்மையாக.

எஸ்மி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு ஓரத்திலும் நீர் வழிந்தது. ப்ரோன்வின் மூக்கை உறிஞ்சினாள். கோலினுக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஒரு நல்ல பெண்மணியைச் செத்த ஓணானின் பெயரால் ஏமாற்றுகிறோமே என்று அன்று முழுக்க நெரிடாவிடம் புலம்பினார்.

பண்ணைகளிலிருந்து திரும்பிய எலெனி, மேஜரின் எலும்பு தேறியிருக்கிறதா என்று பார்க்க வந்தார். தூக்கினார். திருப்பினார். வாலடியைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார்.

“கோலின், மேஜர் ஆம்பளைதானே?”

“ஆமா.”

“இது பொம்பள. வயித்துல முட்டை வேற இருக்கு.”

கோலின் குழாயில் தொடங்கி வலை வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டினார். எஸ்மி நன்றாக நடந்து வீடு வந்து சேரட்டும், அன்றைக்கே அவர் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட்டு இதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன் என்றார். எலெனி யோசித்தார். அதுவரைக்கும் தான் எதையும் பார்க்கவில்லை என்றார். ஆனால் ஒரு சந்தேகம் கேட்டார். குளிர்காலத்தில் சூடு இல்லாவிட்டால் இந்த ஓணான்கள் வாரக்கணக்கில் தூங்கிவிடும். மூச்சு விடுவதுகூடத் தெரியாது. மேஜர் செத்தது என்று எப்படித் தெரிந்தது?

“நெரிடா கண்ணாடி வச்சுப் பாத்தா,” என்றார் கோலின். அப்படிச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிப்போனது.

மண்வெட்டியைக்கூட எடுக்காமல் எலுமிச்சை மரத்துக்கு ஓடிக் கையால் தோண்டினார். பெட்டி இருந்தது. துண்டு இருந்தது. பெட்டியின் ஒரு மூலை கிழிந்து, அங்கிருந்து மேலே மண்ணில் ஒரு துளை போயிருந்தது. மேஜர் இல்லை.

கோலினின் வாழ்க்கையில் அதைவிட மோசமான நாள் இருந்ததில்லை. நோயாளியை உயிரோடு புதைத்தாயிற்று. அது தானாகப் பிழைத்து எழுந்து வந்தபோது வரவேற்கவும் ஆளில்லை. தெருவில் வண்டிகள் உண்டு, பூனைகள் உண்டு, மேலே பருந்துகள் உண்டு. நான்கு தெருவிலும் ஒவ்வொரு செடியையும் விலக்கிப் பார்த்தார். பூசணிக் கூழைத் தட்டில் வைத்து வேலியோரம் அழைத்தார். மேஜர், மேஜர் என்று கூப்பிட்டுக்கொண்டு போகிறவரைப் பார்த்து, பாவம், கோலினுக்கும் வயதாகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. கண்ணாடி தேடிய கதையும் அதற்குள் பரவியிருந்தது.

எஸ்மி வீடு திரும்பும் நாளும் வந்தது. கோலின் விடியலிலிருந்தே ஒப்புதல் வாக்குமூலத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். தொட்டியை எஸ்மியின் கூடத்தில் கொண்டுபோய் வைத்தார். உள்ளே பெண் ஓணான் இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. நெரிடா ஸ்கோன் சுட்டு, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்துத் தட்டில் அடுக்கியிருந்தார்.

முதியவர்களை ஏற்றி இறக்கும் ஊர்த் தொண்டு வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் மொரிஸ் வாக்கரை விரித்துக் கொடுக்க, எஸ்மி இறங்கினார். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார்.

“கோலின், அவன் ஏன் வெளியில உக்காந்திருக்கான்?”

எஸ்மி வீட்டு வாசற்படியில், நல்ல வெயிலில், மேஜர் உட்கார்ந்திருந்தது. தாடை நிமிர்ந்திருந்தது, வயிறு புடைத்திருந்தது. வசந்தம் வந்ததும் தோட்டத்திலிருந்த பூச்சிகளையெல்லாம் தானே வேட்டையாடித் தின்றிருக்கிறது. வாயோரம் ஒரு சுவர்க்கோழியின் கால்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கோலின் தூக்கினார். சீறவில்லை. அவர் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. பள்ளிப் பேருந்து ஓட்டிய அந்த மனிதர் வாசலிலேயே நின்று விசும்பினார். பழகி வைத்த வாக்குமூலம் அப்படியே மறந்துபோனது. எதற்கு வாக்குமூலம்? மேஜர்தான் இருக்கிறதே, முன்னைவிட நன்றாக.

உள்ளே போனதும் எஸ்மி தொட்டியைப் பார்த்தார். கோலினின் கையிலிருந்ததைப் பார்த்தார். மறுபடி தொட்டியைப் பார்த்தார்.

“அப்போ இது யாரு?”

ஒரு கணம்தான். உண்மை சொல்லவும் அந்த ஒரு கணம் போதும், பொய் சொல்லவும் போதும்.

“மேஜருக்குத் துணை,” என்றார் கோலின். “தனியாவே இருக்கானேன்னு அடிலெய்டுல சொல்லி வரவழைச்சேன். என்னால உங்களுக்கு ஆன கஷ்டத்துக்கு எங்க ரெண்டு பேரோட சின்னப் பரிசு.”

“முட்டை வேற போடப்போறா,” என்றார் நெரிடா, கணவருக்குக் கைகொடுக்கும் விதமாக. “ஒரு இருபதாவது இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க.”

எஸ்மி பக்கத்து நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். இவ்வளவெல்லாம் மெனக்கெட்டிருக்க வேண்டாமே என்றார். பிறகு கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழத் தொடங்கினார். நெரிடா ஓடிவந்து அணைத்துக்கொண்டார்.

கோலின் மெதுவாக வெளியே வந்தார். குழாயில் தொடங்கிய பாரம் இப்போதுதான் இறங்கியது. ஒரு உயிரைக் காப்பாற்றியாயிற்று, இல்லை, இரண்டு. வண்டியின் பின்கதவைத் திறந்து எஸ்மியின் பெரிய பயணப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த மொரிஸ், உள்ளே என்ன அழுகைச் சத்தம் என்று கேட்டார்.

“சந்தோஷம்,” என்றார் கோலின். “மேஜர் பொழைச்சுட்டான். அவனுக்கு ஒரு ஜோடியும் கொண்டுவந்து விட்டுட்டேன். முட்டை போடப்போகுது.”

மொரிஸ் பெட்டியைக் கீழே வைத்தார். அதைப் பார்த்தார், கோலினைப் பார்த்தார்.

“எஸ்மி அம்மா வர்ற வழியெல்லாம் புலம்பிக்கிட்டே வந்தாங்க. அவங்க தங்கச்சி தாஸ்மேனியாத் தீவுல கடலோரமா ஒரு அறை ஒதுக்கி வச்சிருக்காங்களாம். அங்க ஓணானை உள்ள விடமாட்டாங்க, அது உயிரோட இருக்கற வரைக்கும் யாருக்கும் குடுக்கவும் மாட்டேன்னு புருஷனுக்குச் சத்தியம் பண்ணியிருக்காங்க. அது எப்போ கண்ண மூடும், நாம எப்போ கப்பல் ஏறலாம்னு அந்த அம்மா வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க அதுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கீங்க.”